பிழைப்புக்கு ஒரு ஜாஸ் பள்ளி: பாஸ்டன் பெர்க்லி வளர்ந்த விதம்

பெர்க்லியில் இடம் கிடைத்துவிட்டது என்று ஒரு பையன் சொன்னால், நம் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்றுதான் கேட்பார்கள். உச்சரிப்பு ஒன்று; எழுத்து வேறு, ஊரும் வேறு. கலிஃபோர்னியாவில் இருப்பது பல்கலைக்கழகம். அமெரிக்காவின் எதிர்க்கரையில், பாஸ்டனில் இருப்பது இசைக் கல்லூரி. அதற்கு அந்தப் பெயர் வந்தது ஒரு சிறுவனிடமிருந்து. பள்ளியைத் தொடங்கியவர் லாரன்ஸ் பெர்க், அவருடைய மகன் லீ பெர்க். மகன் பெயரை முன்பின்னாக மாற்றிப் போட்டார் அப்பா, பெர்க்லீ ஆகிவிட்டது. 1954இல் இந்தப் பெயர்ப் பலகை ஏறியபோது லீக்குப் பன்னிரண்டு வயது. பிள்ளை பெயரில் கடை வைப்பது நமக்கொன்றும் புதிதில்லை.

கடை என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஜாஸ் பள்ளி என்றதும், ஒரு பெரிய கலையைக் காப்பாற்றவேண்டும் என்று ரசிகர்கள் கூடி எழுப்பிய மண்டபம் போல ஒன்று மனதில் வரும். பெர்க்லி அப்படிப் பிறந்ததல்ல. இசையால் மாதச் சம்பளம் வாங்கவேண்டிய ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் இடமாகப் பிறந்தது. பிறகும் வேலை எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கமாகவே வளர்ந்தது. இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால், அந்தப் பள்ளியின் பல புதிர்கள் அவிழ்ந்துவிடும். கலையை மட்டும் நம்பித் தொடங்கிய பள்ளிகள் ஏன் நிலைக்கவில்லை என்பது உட்பட.

லாரன்ஸ் பெர்க் படித்தது எம்.ஐ.டி.யில், பொறியியல். வெளியே வந்த 1932, அமெரிக்காவை முடக்கிய பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுப்பகுதி. பொறியாளருக்கு வேலை இல்லை. பியானோ வாசிக்கத் தெரியும் என்பதால் நியூயார்க்குக்குப் போய் வானொலி இசைக்குழுக்களுக்கு அரேஞ்சராக உட்கார்ந்துவிட்டார். மெட்டை எடுத்து, இந்த இடத்தில் டிரம்பெட், இந்த இடத்தில் சாக்ஸபோன் என்று பிரித்து எழுதித் தருகிற வேலை. கோடம்பாக்கத்துக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஜோசப் ஷில்லிங்கர்.

ஷில்லிங்கரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். இன்றைய உக்ரைனில் உள்ள கார்கிவ் நகரில் 1895இல் பிறந்தவர். 1928இல் அமெரிக்கா வந்தார். இசை என்பது கணக்கு, கணக்குத் தெரிந்தால் அருள் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது அவர் கட்சி. அமெரிக்காவின் பேர்பெற்ற இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் அவரிடம் ஆண்டுக்கணக்கில் படித்தார். கிளென் மில்லர் குழுவின் அடையாளமாகிப்போன மெட்டே ஷில்லிங்கருக்காக எழுதிய வீட்டுப்பாடத்திலிருந்து வந்தது என்பார்கள்.

அவர் முறையின் ஒரு துளியை நாமே கையால் தட்டிப் பார்க்கலாம். ஆறு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை இரண்டு மாத்திரைக்கு ஒருமுறை தட்டட்டும், மற்றது மூன்று மாத்திரைக்கு ஒருமுறை. இரண்டையும் ஒரே காதால் கேட்டால் அடி விழும் இடைவெளி இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு. நான்கையும் மூன்றையும் மோதவிட்டால் பன்னிரண்டு மாத்திரைக்குள் மூன்று, ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, மூன்று. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் ஒன்றே. இதிலிருந்துதான் தாளக் கட்டுகளை உண்டாக்கச் சொன்னார் ஷில்லிங்கர். சதுசிரத்தின்மேல் திசிரத்தை ஓட்டிப் பழகிய மிருதங்கக்காரர் இதைப் பார்த்தால், இதற்கா ஷில்லிங்கர் இரண்டு பெரிய புத்தகம் எழுதினார் என்று கேட்கக்கூடும். ஆனால் நாலு நாலாக எண்ணியே வளர்ந்த அமெரிக்க நடன இசைக்காரனுக்கு இது புதையல்.

1943இல் ஷில்லிங்கர் இறந்துபோனார். அவர் முறையைக் கற்பிக்க அங்கீகாரம் பெற்றிருந்த சிலரில் பெர்க்கும் ஒருவர். போர்க்காலத்தில் பாஸ்டனுக்குத் திரும்பி ரேதியான் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர், 1945இல் நியூபரி தெருவில் ஒரு வீட்டை எடுத்து 'ஷில்லிங்கர் ஹவுஸ்' என்று பலகை மாட்டினார். முதலில் சேர்ந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. 1949இல் ஐந்நூறைத் தாண்டியாயிற்று.

நாலு வருடத்தில் பத்து மடங்கு. காரணம் கணக்கு முறையின் மகிமை என்று நான் நினைக்கவில்லை. காரணம் அரசாங்கப் பணம். 1944 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தின்படி, போரிலிருந்து திரும்பியவன் படிக்கப்போனால் ஆண்டுக்கு 500 டாலர்வரை கட்டணத்தை அரசே கட்டும். தனி ஆளாக இருந்தால் கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், பிறகு அது 65 ஆயிற்று. பல்கலைக்கழகத்தில்தான் படிக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, தொழில் பயிற்சிக்கும் பணம் உண்டு. ராணுவ பேண்டில் டிரம்பெட் ஊதியவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைய பெரிய இசைக் கல்லூரிகளில் ஜாஸுக்கு வாசற்படிகூடக் கிடையாது. இந்தப் பக்கம் நியூபரி தெருவில் ஒருவர், பகலில் நான் சொல்லித்தருகிறேன், ராத்திரி போய் நடன மண்டபத்தில் வாசித்துச் சம்பாதி என்கிறார்.

பெர்க் மட்டுமே இதைக் கண்டுபிடித்தார் என்பதில்லை. அதே 1945இல் லாஸ் ஏஞ்சலஸில் வெஸ்ட்லேக் இசைக் கல்லூரி இதே பணத்தை நம்பித் தொடங்கியது. 1947இல் வட டெக்சாஸில் ஒரு அரசுக் கல்லூரி ஜாஸில் பட்டப்படிப்பு கொண்டுவந்தது. ஜாஸ் என்ற சொல் கெட்ட வார்த்தை மாதிரி இருந்ததால் பாடத்துக்கு 'நடன இசைக்குழு' என்று பேர் வைத்தார்கள். வெஸ்ட்லேக் 1961இல் மூடிவிட்டது.

இதைவிடச் சுவையான தோல்வி லெனாக்ஸ். 1957இல் மாசசூசெட்ஸ் மலைப்பக்கத்தில் லெனாக்ஸ் என்ற ஊரில், பியானோ கலைஞர் ஜான் லூயிஸ் தலைமையில் ஒரு கோடைக்கால ஜாஸ் பள்ளி ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் மூன்று வாரம். டிஸ்ஸி கில்லெஸ்பி, மாக்ஸ் ரோச், பில் எவன்ஸ் போன்றவர்கள் வந்து பாடம் எடுத்த இடம் அது. 1959இல் அங்கே மாணவராக வந்து உட்கார்ந்தவர் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன். அடுத்த சில மாதங்களில் தன் வாசிப்பால் நியூயார்க்கையே இரண்டு கட்சியாகப் பிரிக்கப்போகிறவர். கலை என்று பார்த்தால் லெனாக்ஸுக்கு இணை இல்லை. நாலே கோடையில் பணமில்லாமல் முடிந்துபோனது. பெர்க்லி நடத்தியது மூன்று வாரத் திருவிழா அல்ல, வருடம் முழுவதும் கட்டணம் வாங்கிப் பாடம் நடத்தும் பள்ளி. ராணுவப் பணம் வற்றியபோதும் அது நின்றதற்கு அந்தச் சலிப்பூட்டும் ஒழுங்கே காரணம்.

1954இல் ஷில்லிங்கர் பெயரை எடுத்துவிட்டது வெறும் பிள்ளைப் பாசத்தால் அல்ல. முறை போதவில்லை. ராத்திரி எந்த மேடையில் எது வாசிக்கப்படுகிறதோ அதை மறுநாள் வகுப்பில் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆசிரியர்களைத்தான் பெர்க் தேடிப் பிடித்தார். டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் பொமராய் 1955இல் வந்தார். ஹார்வர்டை ஒரே வருடத்தில் விட்டுவிட்டு சார்லி பார்க்கரோடு வாசித்தவர். நாற்பது வருடம் அங்கேயே கற்பித்தார். டியூக் எல்லிங்டன் தன் குழுவுக்கு எழுதிய விதத்தை ஒரு தனிப் பாடமாகவே வகுத்தார். 1957இல் வந்த ட்ரம்ஸ் கலைஞர் ஆலன் டாசன், வாயால் மெட்டைப் பாடிக்கொண்டே கையால் வாசிக்கச் சொல்வார். பாட்டில் எங்கே இருக்கிறோம் என்பதை மறக்கிறவன் எவ்வளவு வேகமாக அடித்தும் பயனில்லை என்பது அதன் உட்பொருள். நம் ஊர் லய வாத்தியார்கள் இதற்கு உடனே தலையாட்டுவார்கள்.

பெர்க்லி என்றதும் ஜாஸ் உலகம் சட்டென்று சொல்வது இன்னொரு விஷயம்: ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல். பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலித்தால் அது கார்ட். ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுர வரிசை ஸ்கேல். ஜாஸில் அடிக்கடி வரும் ஒரு தொடர்: டி மைனர், பிறகு ஜி செவன்த், பிறகு சி மேஜர். கார்ட் மாறும்போது மேலே கற்பனையாக என்ன வாசிப்பது? முதலாவதுக்கு டோரியன், இரண்டாவதுக்கு மிக்சோலிடியன், மூன்றாவதுக்கு அயோனியன் என்று சொல்லித்தரும் பெர்க்லி. நம் பாஷையில் வரிசையாகக் கரகரப்பிரியா, அரிகாம்போதி, சங்கராபரணம். மூன்றுக்கும் பியானோவில் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். ஷட்ஜம் மட்டும் இடம் மாறுகிறது. கிரக பேதம் தெரிந்தவருக்கு இரண்டு நிமிடத்தில் விளங்கிவிடும்.

இந்த முறையின் பலமும் பலவீனமும் அதிலேயே இருக்கின்றன. சொல்லித்தர முடியும், தேர்வு வைக்க முடியும், மொழி தெரியாத மாணவனுக்கும் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும். பள்ளி பெரிதாக வேண்டுமென்றால் இப்படியொன்று இல்லாமல் முடியாது. ஆனால் மேளகர்த்தாவின் ஆரோகண அவரோகணம் தெரிந்தவர் எல்லாம் கரகரப்பிரியா பாடிவிட முடியுமா? பெர்க்லியில் படித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்ற குறை பல காலமாக இருக்கிறது. குறை நியாயமானது என்றே நினைக்கிறேன். அங்கிருந்து வந்த நல்லவர்கள் ஒருவர்போல் ஒருவர் வாசிப்பதில்லை என்பதும் உண்மை. ஜான் ஸ்கோஃபீல்டும் பில் ஃப்ரிசெலும் ஒரே வாசலில் வந்த கிட்டார்காரர்கள் என்று காதால் மட்டும் கேட்டு யாரும் சொல்லமாட்டார்கள்.

தொழில் பள்ளி என்றேனே, அதற்கு நல்ல சாட்சி பாதியில் போனவர்கள். பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் இசைத்தட்டுகளைத் தயாரித்த குயின்சி ஜோன்ஸ் 1951இல் உதவித்தொகையில் வந்தார். லயோனல் ஹாம்ப்டன் குழுவில் அழைப்பு வந்ததும் பெட்டியைக் கட்டிவிட்டார். வியன்னாவில் இருந்த பியானோ கலைஞர் ஜோ ஸாவினுல் 1959இல் உதவித்தொகை பெற்று பாஸ்டன் வந்து, சில வாரங்களிலேயே மேனார்ட் ஃபெர்குசன் குழுவோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார். வேறு கல்லூரியில் இது அவமானம். இங்கே வேலை கிடைத்தால்தான் படிப்பு முடிந்தது என்று பொருள்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் பள்ளியின் கதையில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஜப்பானிலிருந்து பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷி 1956இல் முழு உதவித்தொகையில் வந்தார். கிமோனோ கட்டிய ஜப்பானியப் பெண் ஜாஸ் வாசிக்கிறாள் என்ற வேடிக்கைக்காகவே பலர் பார்க்க வந்தார்கள். அது அவருக்கும் தெரிந்திருந்தது. பின்னால் சொந்தப் பெருங்குழுவுக்கு எழுதி, வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாயடைக்கவைத்தார். குயின்சி ஜோன்ஸ் பெயரிலான உதவித்தொகையை 1958இல் முதலில் பெற்றவர் துருக்கியின் ஆரிஃப் மார்டின், பின்னாளில் பேர்பெற்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர். ஜப்பானிய சாக்ஸபோன் கலைஞர் சதாவோ வதனாபே 1960களில் படித்துவிட்டு டோக்கியோ திரும்பி, கற்றதைத் தன் ஊர் இசைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் எழுதிய உருப்படிகளையே இசைத்தட்டாகப் பதிந்து, அதற்கான குறிப்புத்தாள்களோடு 1957 முதல் பள்ளி விற்றது. வர முடியாதவன் வீட்டிலிருந்தே படிக்கலாம். படித்துப்பார்த்தவன் ஒருநாள் வந்தும் சேரலாம். நல்ல வியாபாரம்.

அகியோஷியை மணந்தவர் சார்லி மரியானோ. ஷில்லிங்கர் ஹவுஸ் காலத்து மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர், சாக்ஸபோன் கலைஞர். அறுபதுகளில் மலேசிய வானொலியின் இசைக்குழுவோடு வேலை செய்யப் போனவரின் காதில் நாகஸ்வரம் விழுந்தது. விட முடியவில்லை. பிறகு இந்தியாவுக்கே வந்து முறையாகக் கற்றார். ஐரோப்பிய ஜாஸ் மேடைகளில் நாகஸ்வரத்தோடு ஏறினார், டி.ஏ.எஸ். மணி, ஆர்.ஏ. ராமமணி ஆகியோரின் கர்நாடகத் தாளவாத்தியக் குழுவோடு பல ஆண்டுகள் சேர்ந்து வாசித்தார். சீவாளியை உதட்டில் வைத்து ஊதிய பெர்க்லி வாத்தியார் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

1960களின் தொடக்கத்தில் பெர்க்லி செய்த ஒரு காரியம் அன்று சில்லறையாகத் தெரிந்திருக்கும். கிட்டாரை முதன்மை வாத்தியமாக எடுத்துப் படிக்கலாம் என்றது. கல்லூரிகள் கிட்டாரை மதிக்காத காலம். அதை எடுத்துப் பட்டம் வாங்க அன்று அமெரிக்காவில் வேறு இடம் இருந்ததாகச் சொல்லமுடியாது. வில்லியம் லெவிட் என்பவர் அதற்கான பாடப்புத்தகத்தை உட்கார்ந்து எழுதினார். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு கிட்டார். டிரம்பெட்டையும் டிராம்போனையும் மட்டும் நம்பியிருந்தால் பெர்க்லி எழுபதுகளில் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம்.

1966இல் நியூபரி தெரு வீட்டை விட்டுப் பாய்ல்ஸ்டன் தெருவில் ஒரு ஹோட்டலையே வாங்கி, அறைகளை வகுப்பாக்கினார்கள். முதல் இளங்கலைப் பட்டங்களும் அதே வருடம். 1970இல் 'கல்லூரி' என்ற சொல் பெயரில் ஏறியது. 1979இல் அப்பா விலக, பெயருக்குச் சொந்தக்காரரான மகன் லீ தலைவரானார். 2004வரை அவர்தான். திரை இசைக்குத் தனித் துறை, பாட்டு எழுதுவது, ஒலிப்பதிவு, பின்னர் டி.ஜே. தட்டுச் சுழற்றுவதற்குக்கூட வகுப்பு. ஜாஸ் பள்ளி என்ற பெயர் மெல்லக் கரைந்துகொண்டே போயிற்று. பழைய ஜாஸ் அன்பர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஆனால் 1945இல் பெர்க் சொல்லிக்கொடுத்ததும் அன்றைக்குச் சம்பளம் தந்த இசையைத்தான். அன்றைக்கு அதன் பேர் ஜாஸாக இருந்தது, அவ்வளவே.

பள்ளியின் பாடத்திட்டத்தில் இல்லாத, ஆனால் உலகெங்கும் போன ஒரு புத்தகம் உண்டு. எழுபதுகளின் நடுவில் பெர்க்லி மாணவர்கள் இருவர், ஜாஸ் மேடைகளில் வாசிக்கப்படும் நூற்றுக்கணக்கான பாட்டுகளின் மெட்டையும் கார்டையும் கையாலேயே அழகாக எழுதித் தொகுத்தார்கள். அங்கே கற்பித்துக்கொண்டிருந்த பாஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஸ்வாலோ அவர்களுக்கு உதவினார். இப்படிப்பட்ட தொகுப்புகளை 'போலிப் புத்தகம்' என்பது வழக்கம். பாட்டு தெரியாதவனும் தெரிந்ததுபோல் வாசிக்கலாம் என்பதால் அந்தப் பேர். இவர்கள் கிண்டலாக 'உண்மைப் புத்தகம்', அதாவது 'ரியல் புக்' என்று வைத்தார்கள். உரிமைத்தொகை யாருக்கும் போகவில்லை, எனவே கடையில் வைக்க முடியாது. நகல் கடைகளில் அச்சாகி, கைமாற்றிக் கைமாற்றி விற்றது. அதில் இருந்த பிழைகளும் கூடவே பரவின. தப்பாக எழுதப்பட்ட கார்ட் பல ஊர்களில் சரியான கார்ட் ஆகிவிட்டது. 2004இல்தான் ஒரு பதிப்பகம் உரிமை வாங்கிச் சட்டப்படி வெளியிட்டது. அந்தக் கையெழுத்தின் சாயலை மட்டும் விடவில்லை, வாங்குகிறவர்கள் அதைத்தான் தேடினார்கள். பெர்க்லி உலகத்துக்குக் கொடுத்த பாடநூல்களில் அதிகம் புழங்கியது எது என்று கேட்டால், பள்ளி அச்சடிக்காத இதைத்தான் சொல்வேன்.

சொல்லாமல் விடக்கூடாத கசப்பும் உண்டு. ஜாஸ் கறுப்பின மக்களின் இசை. பெர்க்லியைத் தொடங்கியவரும், தொடக்க கால ஆசிரியர்களில் பெயர் சொல்லத்தக்க பலரும் வெள்ளையர்கள். பள்ளியைத் தூக்கி நிறுத்திய அந்தப் படைவீரர் சட்டமே நடைமுறையில் கறுப்பின வீரர்களைப் பல இடங்களில் ஒதுக்கியது. 2017இல் வேறொரு குற்றச்சாட்டு வெடித்தது: மாணவிகளிடம் முறைதவறிய ஆசிரியர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார்கள் என்று. கல்லூரித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். பதினோரு வயதிலேயே பெர்க்லி உதவித்தொகை பெற்ற ட்ரம்ஸ் கலைஞர் டெரி லின் கேரிங்டன், 2018இல் அங்கேயே ஜாஸில் பாலின நீதிக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார்.

2016இல் நடந்தது வேடிக்கை. 1867இல் தொடங்கிய பாஸ்டன் கன்சர்வேட்டரி, சாஸ்திரிய இசைக்கும் நடனத்துக்கும் பேர்போனது, பெர்க்லியோடு இணைந்துவிட்டது. நடன மண்டப இசைக்காரர்களுக்கு வகுப்பெடுத்த பள்ளியின் நிழலில் நூற்றைம்பது வருடக் கல்லூரி. அதற்குள் ஸ்பெயினின் வலென்சியாவிலும் ஒரு வளாகம் வந்துவிட்டிருந்தது.

நம் பக்கத்துத் தொடர்புகளையும் சொல்லவேண்டும். 2014இல் பெர்க்லி ஏ.ஆர். ரஹ்மானுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. மாணவர்கள் அவர் பாட்டுகளை அவரோடு மேடையில் வாசித்தார்கள். கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு பெர்க்லிக்குப் போனவர். திரும்பி வந்து 2010இல் செய்யூர்ப் பக்கம் தொடங்கிய ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்றார். எம்.ஐ.டி. பொறியாளர் ஆரம்பித்த பள்ளியில் ஐ.ஐ.டி. பொறியாளர். ஷில்லிங்கர் கேட்டிருந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றிருப்பார்.

பள்ளி வளர்ந்த அதே காலத்தில் அது எந்த வேலைக்கு ஆள் தயாரித்ததோ அந்த வேலை சுருங்கியது. நாற்பதுகளில் மாசசூசெட்ஸ் அவென்யூவும் கொலம்பஸ் அவென்யூவும் சந்திக்கும் முனையைச் சுற்றி ஹை-ஹாட், சவாய் என்று ஜாஸ் விடுதிகள் வரிசையாக இருந்தன. பகலில் ஷில்லிங்கர் ஹவுஸ், ராத்திரி இங்கே என்று ஓடிக்கொண்டிருந்த பையன்களுக்கு அதுதான் இரண்டாவது வகுப்பறை, அதுவும் சம்பளத்தோடு. அறுபதுகளுக்குள் அவை பெரும்பாலும் மறைந்துவிட்டன. தப்பியது வாலீஸ். பார்படோஸிலிருந்து வந்த ஜோசப் வால்காட் என்ற கறுப்பினத்தவர் 1947இல் திறந்த சிறிய விடுதி. பெருங்குழுக்களின் காலம் முடிந்து, பேர்பெற்ற கலைஞர்களுக்குப் பணம் கட்டமுடியாத நிலை வந்தபோது, வால்காட் பக்கத்துக் கல்லூரிகளின் மாணவர்களை மேடை ஏற்றினார். பெர்க்லிப் பிள்ளைகளுக்கு நடந்துபோகிற தூரம். 1998இல் அவர் இறந்த பிறகு குடும்பம் நடத்துகிறது. கொரோனாவில் மூடிக் கிடந்து மறுபடி திறந்தார்கள். வெகுகாலம் உள்ளே போக டிக்கெட் இருந்ததில்லை. குறுகலான கூடம், மேடைக்கும் முதல் நாற்காலிக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான். காலையில் டோரியன் ஸ்கேலுக்கு மதிப்பெண் வாங்கியவன், ராத்திரி அங்கே முறை வருவதற்காக சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான்.